இல்லாத மாடியில் இறங்கிய புறாக்கள்

கயிற்றுக்காரன் தெரு முப்பத்தொன்றாம் எண் வீட்டை இடித்து முடித்து, செங்கல்லும் கம்பியும் ஜன்னல் சட்டமும் தனித்தனி லாரிகளில் ஏறிப் போய், மிச்சமிருந்த மண்மேட்டைத் தெருநாய்கள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டு பதினோரு நாள் ஆன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, பக்தவச்சலத்தின் பன்னிரண்டு புறாக்களும் தெற்கிலிருந்து வந்து, வழக்கம்போல் மூன்று சுற்றுச் சுற்றி, வழக்கம்போல் ஒன்றன்பின் ஒன்றாக மொட்டைமாடியில் இறங்கின. மொட்டைமாடிதான் அங்கே இல்லை.

தரையிலிருந்து நாற்பத்திரண்டு அடி உயரத்தில், வெறும் காற்றின்மேல், அவை காலூன்றி நின்று இறகு கோதின. தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தன, ஊடே நடக்கவில்லை. துணி காயப்போடும் கம்பி இருந்த உயரத்தில் மூன்று புறாக்கள் வரிசையாக உட்கார்ந்தன. குமாஸ்தா என்று பெயர்பெற்ற ஆண்புறா கழுத்தை உப்பிக்கொண்டு தன் ஜோடியைச் சுற்றிச் சுற்றி வந்தது. தாசில்தார் என்று பெயர்பெற்ற அந்தச் சாம்பல்நிறப் பெட்டை அதைச் சட்டை செய்யாமல், நிலத்தை அளந்து மனதில் குறித்துக்கொள்வதுபோல வடகிழக்கு மூலைவரை நடந்து போய்த் திரும்பியது.

எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இன்னாடா இது, அந்தரத்துல குந்திக்கினு கீதுங்க?"

"அந்தரம் இன்னா அந்தரம். மாடி மேல குந்திக்கினு கீதுங்க."

"மாடியத்தான் இடிச்சாச்சே?"

"அது நமக்குத் தெரியும். அதுங்களுக்கு யாரு சொன்னா?"

அது நியாயமாகப் பட்டதால், டீயைக் குடித்து முடித்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வடசென்னையில் புறா வளர்ப்பது பொழுதுபோக்கு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அது ஒருவகைத் தற்பெருமை. நாய் உங்களோடு இருப்பதில் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை, சோறு இங்கேதான் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். மீனுக்குப் போக வேறு இடம் இல்லை. புறாவுக்கோ வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. நீங்களாகவே கூண்டைத் திறந்து விரட்டியும் விடுகிறீர்கள். அது கண்ணுக்குப் புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் போய், நான்கைந்து மணி நேரம் கழித்து, இத்தனை லட்சம் கூரைகளில் உங்கள் கூரையைப் பார்த்து இறங்கும்போது, உங்களைவிடப் பெரிய ஆள் அந்த நிமிடத்தில் ஊரில் இல்லை. எரிச்சல் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது: அது உங்களிடம் வருவதில்லை, கூரைக்கு வருகிறது. கூரைமேல் நீங்களும் நின்றுகொண்டிருப்பதால் உங்களிடம் வந்ததாக நினைத்துக்கொள்கிறீர்கள்.

மிக்ஸியும் கிரைண்டரும் பழுதுபார்த்துப் பிழைக்கும் பக்தவச்சலம் முப்பத்தொன்றாம் எண் வீட்டின் மேல்தளத்தில் பதினான்கு வருடம் குடியிருந்தான். அந்தப் பதினான்கு வருடமும் காலை ஆறு மணிக்கு மாடியேறி, கம்பும் பச்சைப்பயறும் போட்டு, புறாக்களை எழுப்பிவிட்டு, கழுத்து வலிக்கும்வரை வானத்தைப் பார்த்தபடி நின்றான். அவன் மனைவி சுலோச்சனா அதே ஆறு மணிக்கு வாளியும் துடைப்பமுமாக அதே மாடிக்கு ஏறி, முந்தின நாள் எச்சத்தைச் சுரண்டித் தேய்த்துக் கழுவிவிட்டு, அதன்பிறகு துணி உலர்த்தினாள். சில நாள் உலர்த்திய துணியைத் திரும்பவும் துவைத்தாள். "மேல பாத்துக்கினே இருய்யா, கீழ நான் பாத்துக்கறேன்" என்று அவள் சொல்வதைப் பக்தவச்சலம் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு வீட்டுக்காரர் மனையை விற்றார். ஆறு குடும்பங்களும் ஆறு திசைக்குப் போயின. பக்தவச்சலத்துக்குக் கிடைத்தது ஊரின் தெற்குக் கோடியில், சதுப்பு நிலத்தைப் பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், ஐந்தாவது மாடி வீடு. இரண்டு பேருந்து மாறினால் இரண்டேகால் மணி நேரம். மொட்டைமாடியில் கூண்டு வைக்க அனுமதி வாங்கினான். வளர்ந்த புறா புதுக்கூரையை ஏற்காது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மற்ற எல்லோரையும்போல, தன் புறாக்கள் ஏற்கும் என்று நம்பினான். நாற்பது நாள் கூண்டிலேயே அடைத்துவைத்து, கையால் ஊட்டி, புது வானத்தைக் கம்பி வழியாகக் காட்டிப் பழக்கினான். நாற்பத்தொன்றாம் நாள் திறந்துவிட்டான். அவை எங்கே போயின என்பதைச் சொல்லியாகிவிட்டது.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தன் புறாக்களில் ஏதாவது ஒன்று, தான் இப்போது இருக்கும் இடத்தை வீடு என்று நினைத்து வந்து இறங்க வேண்டும்.

தெரு இந்த விஷயத்தை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே அதன் விதிமுறைகள் எல்லோருக்கும் பாடமாகிவிட்டன. புறாக்களுக்கு அங்கே தரை உண்டு. புறாக்களிடமிருந்து விழும் எதற்கும் தரை உண்டு, இறகு, சுள்ளி, எச்சம் எதுவாக இருந்தாலும். மற்றபடி அது ஆகாயம். மழை தடையில்லாமல் ஊடே பெய்தது. பக்தவச்சலம் கீழிருந்து வீசிய கம்பு அவன் தலையிலேயே திரும்ப விழுந்தது. அதனால் புறாக்கள் தரைக்கு இறங்கி வந்து தின்றுவிட்டு மேலே போயின. ஒரு காக்கை, மற்றவர்கள் இருக்கிறார்களே என்ற தைரியத்தில், அங்கே உட்காரப் பார்த்துப் பத்தடி சறுக்கி விழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள வேறு பக்கம் பார்த்தபடி பறந்து போனது. பழைய மாடிப்படியில் புறா பிடிக்க ஏறும் பூனை, படி இருந்த இடத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துப் பார்த்து, கடைசியில் மீன் கடைப் பக்கம் குடிபெயர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில், ஆறு திசைக்குப் போன ஆறு குடும்பங்களும் வரத் தொடங்கின. அவர்கள் காலி மனையில் நின்று, புறாக்களின் நடையை வைத்து மாடியின் எல்லையைக் கண்டுபிடித்து, மாடியிலிருந்து கீழே கணக்கிட்டுத் தங்கள் தங்கள் அறைகளைக் கண்டுபிடித்தார்கள். "அந்த வெள்ளைப் புறா நிக்குதே, அதுக்கு நேர் கீழ ரெண்டாவது மாடில எங்க சமையல் ரூம்" என்று காற்றில் விரல் நீட்டிக் காட்டினார்கள். ஒரு தம்பதி, தாங்கள் கட்டில் போட்டிருந்த இடம் யார் வீட்டுக் கூடத்துக்கு நேர் மேலே இருந்தது என்பதை இத்தனை வருடம் கழித்து உணர்ந்து, அந்தக் குடும்பத்தைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார்கள். நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கருவி கொண்டுவந்து பார்த்துவிட்டு, புறாக்கள் நிற்கும் மட்டம் வடகிழக்கு மூலையை நோக்கி ஓரங்குலம் சரிந்திருக்கிறது, மழைத்தண்ணீர் வடிய அந்தக் காலக் கொத்தனார் விட்ட வாட்டம் அப்படியே இருக்கிறது என்று மெச்சினார். பறவையியல் படித்தவர்கள் காந்தப்புலம் என்கிறார்கள், சூரியன் என்கிறார்கள். அவர்கள் சொல்வதெல்லாம் புறா எப்படி வருகிறது என்பதற்கு. வந்தபின் எதன்மேல் நிற்கிறது என்பதை அவர்கள் ஆராய வேண்டி வந்ததில்லை.

சிக்கல் சங்கத்தில்தான் வந்தது. கயிற்றுக்காரன் தெரு உயரப் பறப்போர் சங்கம் என்று அதற்குப் பெயர். பறப்பது உறுப்பினர்கள் அல்லர். வருடாந்தரப் போட்டியில், வெகுநேரம் வானத்தில் நின்றுவிட்டுச் சொந்தக் கூரையில் கால் பதிக்கும் புறாவுக்குக் கோப்பை. அந்த வருடம் தாசில்தார் ஏழு மணி நாற்பது நிமிடம் வானத்தில் நின்று, காற்றில் கால் பதித்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவரும், சங்கத்தின் சட்டதிட்டங்களைத் தன் கைப்பட எழுதியவருமான நசுருல்லா பாய்தான் நடுவர். காலி மனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொலைநோக்கியால் பார்த்து, நேரத்தைக் குறித்தார்.

"பாய், கூரையே இல்லாம எப்படி பாய் சொந்தக் கூரை?" என்று எதிர்த்தரப்பு கேட்டது.

"உன் புறா போன வருசம் தண்ணி டேங்க் மேல குந்திச்சே. கூரைன்னு ஒத்துக்கினோமா இல்லியா?"

"டேங்க் இருந்திச்சு பாய்."

"இப்ப கீதா?"

"போன மாசம் மாத்திட்டோம்."

"அப்ப போன வருசம் நீ வாங்குன கப்பைத் திருப்பிக் குடு."

தாசில்தாருக்கு இரண்டாம் பரிசு பதிவானது. இன்னொரு சட்டமும் அந்தப் புத்தகத்தில் உண்டு. ஒருவரது புறா இன்னொருவர் கூரையில் போய் இறங்கினால், அது இறங்கிய கூரைக்காரருக்குச் சொந்தம். கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. கொடூரமான சட்டம்தான். ஆனால் புறாவின் முடிவை மனிதன் மாற்றக்கூடாது என்ற மரியாதை அதில் இருக்கிறது என்று பாய் சொல்வார்.

பக்தவச்சலம் தினமும் வந்தான். தீனி தின்ன இறங்கும் புறாக்களைப் பிடித்துக் கூடையில் போட்டு, தெற்குக்கு எடுத்துப் போவான். வாரக்கணக்கில் அடைத்துவைத்துத் திறப்பான். அவன் இரண்டாவது பேருந்து ஏறுவதற்குள் அவை காற்றின்மேல் உட்கார்ந்து இறகு உலர்த்திக்கொண்டிருக்கும். புதுக்கூண்டில் எந்தப் பெட்டையும் முட்டையிடவில்லை. கடைவீதியில் அவன் பெயர் போட்ட பலகை பூட்டிய கதவின்மேல் வெயிலில் காய்ந்தது. சுலோச்சனா முதலில் திட்டினாள், பிறகு கெஞ்சினாள், பிறகு இரண்டு பேருக்குச் சமைத்து ஒருவர் பங்கை ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தாள். புது வீட்டில் சுவரில் ஆணி அடிக்க வேண்டியிருந்தது, குழாய் ஒழுகியது, பக்கத்து வீட்டுக்காரர்கள் "உங்க வூட்டுக்காரரு இன்னும் வரலியா?" என்று கேட்டார்கள். அவர் ஊரிலிருந்து வரவேண்டும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் மனையில் புதுக்கட்டடம் எழும்பியது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஜெபசீலி என்ற பெண்தான் பொறியாளர். முதல்நாளே புறாக்களைப் பார்த்தாள். வரைபடத்தைப் பார்த்தாள். புதுக்கட்டடத்தின் தளங்கள் உயரம் குறைவானவை என்பதால், நான்காவது தளம் போட்டபோது அது பழைய மொட்டைமாடிக்கு முழங்கால் அளவு கீழே அமைந்தது. தூண்களும் கம்பிகளும் புறாக்களுக்கு நடுவே முளைத்தன. புறாக்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன. பழைய வீடு மனையின் ஓரம்வரை நெருக்கிக் கட்டியது. இப்போதைய விதிப்படி நான்கு பக்கமும் இடம் விட்டாக வேண்டும். ஆகவே பழைய மாடியின் விளிம்பில் ஆறடி அகலம், புதுக்கட்டடத்துக்கு வெளியே, கீழே ஒன்றுமில்லாமல் துருத்திக்கொண்டு நின்றது. அந்த ஆறடியில், வடகிழக்கு மூலையில், நாலு சுள்ளியை வைத்து, தாசில்தார் இரண்டு முட்டை இட்டது.

பக்தவச்சலம் அன்று சாப்பிடவில்லை. பொரித்த இடம்தான் புறாவுக்கு வீடு. புதுக்கூண்டில் பொரிக்கும் குஞ்சு புதுக்கூரையை விட்டு வேறெங்கும் போகாது. இங்கே பொரித்தால் அதுவும் ஆயுள் முழுக்கக் காற்றில் குடியிருக்கும். ஆனால் அந்த மூலையில்தான் வெள்ளிக்கிழமை காலை, செங்கல்லும் மணலும் ஏற்றுவதற்கான இரும்புக் கோபுரம் நிறுத்தப்போகிறார்கள்.

"பத்து நாள் தள்ளிப்போடும்மா, முட்டைய எப்படியாவது எடுத்துடறேன்," என்றான் ஜெபசீலியிடம்.

"அண்ணா, நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க? ஏற்கெனவே ரெண்டு தடவ தள்ளியாச்சு. புறா முட்ட இட்டிருக்குன்னு ஆபீசுக்கு மெயில் போட்டேன், என்னைய லீவு எடுக்கச் சொல்லுதாங்க. வியாழக்கிழமைக்குள்ள எடுத்திருங்கண்ணா. நானே ஆள் தாரேன்."

வியாழக்கிழமை மதியம் சங்கமே ஜெபசீலியோடு நான்காவது தளத்தில் ஏறி நின்றது. மூங்கிலில் வலை கட்டி நீட்டினார்கள். வலை, புறாக்களின் தரை வழியே தடையின்றிப் போய்வந்ததே தவிர, தாசில்தார் இறக்கையால் அடித்து விரட்டியதில் எதையும் அள்ளவில்லை. விளிம்பு பட்டதில் ஒரு முட்டை நகர்ந்து, வாட்டத்தில் உருண்டு, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, மூலையில் இல்லாத கைப்பிடிச்சுவரில் மெல்ல முட்டி நின்றது. தாசில்தார் எழுந்து போய் அதை அலகால் தள்ளிக்கொண்டு வந்து திரும்ப வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு, சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தது.

"நானே போறேன்," என்றான் பக்தவச்சலம். இடுப்பில் கயிறு கட்டினார்கள். படி ஏறுபவன்போல வலதுகாலைத் தூக்கி முழங்கால் உயரத்தில் வைத்தான். கால் ஊடே இறங்கித் தளத்தில் தொம்மென்று பட்டது. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வைத்துப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு வைத்துப் பார்த்தான். பதினான்கு வருடம் நின்ற மாடி அவன் காலுக்குச் சிக்கவில்லை.

"நீ எங்கடா தரையப் பாத்த?" என்றார் நசுருல்லா பாய், கயிற்றைப் பிடித்தபடி.

அந்த நேரத்தில்தான் சுலோச்சனா மேலே வந்தாள். இரண்டு நாளாக வீட்டுக்கு வராதவனைத் தேடி, திட்டுவதற்கான எல்லாவற்றையும் இரண்டேகால் மணி நேரம் பேருந்தில் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு, கையில் டிபன் கேரியரோடு வந்தவள், திட்டத் தொடங்கவில்லை. அவள் கண் வேறொன்றில் நிலைத்திருந்தது. கீழிருந்து பார்த்தால் வெறும் புள்ளிகளாகத் தெரிந்தது அங்கே முழுசாகத் தெரிந்தது: மாதக்கணக்கான எச்சம், வெள்ளையும் சாம்பலுமாக, முழங்கால் உயரத்தில், காற்றில் ஒரு மாடியின் வடிவத்தில் அப்பிக்கிடந்தது.

"இன்னாய்யா இது, இவ்ளோ பீ!" என்றாள்.

டிபன் கேரியரை ஜெபசீலியின் கையில் கொடுத்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, நிலைப்படி தாண்டுபவள்போலக் காலை வைத்து ஏறினாள். ஏறி நின்றாள். நின்றுகொண்டே சுற்றும் முற்றும் பார்த்து, துணிக்கம்பி இருந்த இடத்தில் தலையைக் குனிந்து, தொட்டியைச் சுற்றிக்கொண்டு, கட்டடத்தின் விளிம்பைத் தாண்டி நடந்தாள்.

"அக்கா! அக்கா, அங்க தரை இல்லக்கா!" என்று ஜெபசீலி அலறினாள்.

"இருக்குதும்மா. வழுக்குது, அவ்ளோதான்."

கீழே தெருவில் ஒரு ஆட்டோ நின்றது. டீக்கடைக்காரர் பாலைப் பொங்கவிட்டார். நாற்பத்திரண்டு அடி உயரத்தில், வெயிலில், மஞ்சள் புடவையோடு ஒரு பெண் வெறும் காற்றில் குந்தி உட்கார்ந்து, "தள்ளுடி" என்று ஒரு புறாவை அதட்டி, அதன் வயிற்றுக்கடியிலிருந்து இரண்டு முட்டைகளை எடுத்து இடுப்பு மடியில் பத்திரப்படுத்தியதைத் தெரு முழுவதும் பார்த்தது. தாசில்தார் எதிர்க்கவில்லை. பதினான்கு வருடம் துடைப்பத்தோடு வந்த அந்தக் கால்களை அதற்குத் தெரியும்.

"எடுத்துட்டியா? வந்துடு சுலோ," என்றான் பக்தவச்சலம்.

அவள் வரவில்லை. எழுந்து நின்று கால்பெருவிரலால் தரையைச் சுரண்டிப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீ பெருக்குனியா இத?"

"என்னிக்கு?"

"காலி பண்ண அன்னிக்கு. லாரிக்காரன் ஆரன் அடிச்சிக்கினே இருந்தானே. நான் ரெண்டு ரூமையும் பெருக்கிட்டுக் கீழ போயிட்டேன். மாடிய நீ பெருக்கிட்டு வருவேன்னு."

"நீதானே மாடியப் பெருக்குவ. நீ பெருக்கிட்டன்னு நான் பூட்டிட்டேன்."

தளத்தில் நின்றிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடியிருந்த வீட்டை விடுகிறவர்கள் கடைசியாக ஒருமுறை முழுக்கப் பெருக்கி, குப்பையை வெளியே தள்ளிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பது எங்கள் தெருவில் எல்லோரும் செய்வது. பெருக்காமல் கொடுத்த சாவி கொடுத்ததாகாது. அந்த வீட்டில் அவர்கள் இன்னும் குடியிருப்பதாகத்தான் அர்த்தம்.

"அம்மாடி," என்றாள் சுலோச்சனா ஜெபசீலியைப் பார்த்து. "ஒரு தொடப்பமும் ஒரு வாளித் தண்ணியும் தரச் சொல்லும்மா."

பக்தவச்சலத்துக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணாந்து பார்த்தான். மற்ற பதினொன்றும் வானத்தில் இருந்தன. இன்னும் ஒரு மணி நேரத்தில் இறங்கும் வேளை.

"பெருக்காத சுலோ. அதுங்க எங்க வந்து எறங்கும்?"

அவள் துடைப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, விளிம்புக்கு வெளியே நின்றபடி, அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அதனால்தான் அவன் பயந்தான்.

"பெருக்கலைன்னா நீ இங்கதான் குடி இருப்ப. தெனம் வருவ. நான் அங்க இருப்பேன். அதுவும் ஒரு வாழ்க்கைதான், இல்லைன்னு சொல்லல. நீயே சொல்லுய்யா. பெருக்கட்டா, வுட்டுடட்டா?"

பன்னிரண்டு புறாக்களில் ஒவ்வொன்றையும் அவன் குஞ்சிலிருந்து வளர்த்தவன். கழுத்து திருகிக்கொண்ட ஒன்றுக்கு இரண்டு மாதம் விரலால் ஊட்டியவன். ஒன்றைத் தேடி மூன்று நாள் ரயில் பாதையோரம் அலைந்தவன். பாய் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. மேலே பதினோரு புள்ளிகள் மெல்ல வட்டமிட்டன.

"பெருக்கிடு," என்றான்.

அவள் மூலையிலிருந்து தொடங்கினாள். சுரண்டினாள், தேய்த்தாள், தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் வாட்டத்தில் ஓடி, வடகிழக்கு மூலையில் இல்லாத குழாய் வழியாகக் கீழே ஒரே தாரையாக இறங்கி, பாயின் பிளாஸ்டிக் நாற்காலியை நனைத்தது. மாடி கழுவுகிறவர்கள் செய்வதுபோல, கழுவிய இடத்தை மிதிக்காமல் பின்பக்கமாகவே நகர்ந்து வந்தாள். அவள் நகர நகர அவளுக்கு முன்னால் வெறும் வானம் சுத்தமாக விரிந்துகொண்டே போனது. தாசில்தார் அவளுக்குப் பின்னால், ஒவ்வொரு அடியாக, பின்வாங்கிக்கொண்டே வந்தது. கடைசி அடியில் அவள் தளத்தில் கால் வைத்து இறங்கி, புறாவைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கடைசிக் குப்பையைத் துடைப்பத்தால் வெளியே தள்ளினாள். பாய் காலை நீட்டிப் பார்த்தார். பிறகு ஜெபசீலி பார்த்தாள். பிறகு சுலோச்சனாவே பார்த்தாள். கால் ஊடே இறங்கித் தளத்தில் பட்டது.

அன்று மாலை பதினோரு புறாக்களும் வந்து மூன்று சுற்றுச் சுற்றின. நான்காவது சுற்றுச் சுற்றின. அவை அத்தனை சுற்று சுற்றித் தெரு பார்த்ததில்லை. பிறகு ஒவ்வொன்றாக, கட்சி பிரிவதுபோல, வெவ்வேறு கூரைகளில் இறங்கின. குமாஸ்தா நசுருல்லா பாய் வீட்டில் இறங்கியது. பாய் உடனே போன் செய்தார்.

"உன் ஆளு என் மாடியில கீறான். வந்து எடுத்துனு போ."

"சட்டம் சட்டம்தான் பாய்."

"சட்டம் எழுதுனதே நான்தாண்டா."

"அதனாலதான் சொல்றேன். அவனுக்குக் கம்பு பிடிக்காது. பயறு போடுங்க." பேருந்து இரைச்சல் என்று சொல்லிப் பக்தவச்சலம் போனை வைத்துவிட்டான். பேருந்து நின்றுகொண்டிருந்தது.

புதுக்கூண்டில் தாசில்தார் மறுநாளே முட்டைகள்மேல் உட்கார்ந்தது. மொட்டைமாடியைக் கழுவும் வேலை பக்தவச்சலத்துக்கு மாற்றப்பட்டது. அதைப் பற்றி விவாதம் எதுவும் நடக்கவில்லை. ஒரு முட்டை கூமுட்டை. இன்னொன்று பொரிந்தது. தாய் சாம்பல் நிறம், குஞ்சு கறுப்பு, வாலில் மட்டும் ஒரு வெள்ளை இறகு. அதற்கு ஆர்.ஐ., அதாவது ரெவின்யூ இன்ஸ்பெக்டர், என்று பெயர் வைத்தார்கள், பதவி உயர்வுக்கு இடம் விட்டு. அவன் கடையைத் திறந்தான், குழாயைச் சரிசெய்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊரிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று விசாரித்தபோது, "கொஞ்ச நாள் ஆச்சு" என்றான்.

ஆர்.ஐ. கூண்டுக்கு மேல் ஏறி இறங்கப் பழகி, மாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவிப் பழகி, ஒரு காலை, யாரும் விரட்டாமலே, விளிம்பைத் தாண்டி எழும்பியது. குடியிருப்பின்மேல் ஒரு சுற்று. சதுப்பு நிலத்தின்மேல் ஒரு சுற்று, இன்னும் பெரிதாக. பிறகு உயர்ந்து, உயர்ந்து, வடக்கே திரும்பியது. நேராக வடக்கே. கறுப்புப் புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் போனது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. சுலோச்சனா நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டு வடக்கு வானத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றாள். பக்தவச்சலத்துக்குப் பார்க்கும் தைரியம் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, புறா வானத்தில் இருக்கும்போது, அவன் தன் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஈரம் காய்ந்துகொண்டிருந்த சிமெண்டு. அதில் ஒரு விரிசல். விரிசலோரம் எறும்புகள் எதையோ இழுத்துக்கொண்டு போயின.

"வருதா?" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது தரையில், அவன் பாதத்துக்கு ஒரு முழம் தள்ளி, மங்கலாக ஒரு நிழல் வந்தது. போய்விட்டது. திரும்ப வந்தது, கொஞ்சம் கறுத்து. மூன்றாவது முறை வந்தபோது அதற்கு இறக்கைகள் இருந்தன. அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. நிழல் சுருங்கிச் சுருங்கி, கறுத்துக் கறுத்து, தெளிந்து, இரண்டு சிவந்த கால்கள் மேலிருந்து இறங்கி வந்து, சரியாகத் தங்கள் நிழலின்மேல் நின்றன.